யாருக்கு வேலை செய்கிறது?

முதுகலைத் தத்துவ மாணவர்களுக்கு இருபதாம் நூற்றாண்டு மேலைத் தத்துவம் என்றொரு தாள் உண்டு. ஐந்து அலகுகள். நான் சென்னையில் வகுப்பெடுத்த காலம் முழுவதும் அமெரிக்க நடைமுறைவாதம் இரண்டாவது அலகிலும், பிராங்பர்ட் பள்ளியின் விமர்சனக் கோட்பாடு ஐந்தாவது அலகிலும்தான் இருந்தன. நடுவில் தர்க்க நேர்க்காட்சிவாதம், நிகழ்வியல், இருத்தலியல் எல்லாம் வந்து போகும். ஐந்தாவது அலகைத் தொடும்போது செமஸ்டர் முடியும் தறுவாயில் இருக்கும். ஜான் டூயி என்ன சொன்னார் என்பது பாதி வகுப்புக்கு மறந்திருக்கும். தேர்விலும் இரண்டையும் சேர்த்து யாரும் கேள்வி கேட்பதில்லை.

இந்தப் பிரிவினையால் மாணவர்கள் இழப்பது அதிகம். பல ஆண்டுகள் இரண்டையும் கற்பித்தபின் எனக்கு ஏற்பட்ட உறுதி இது: நடைமுறைவாதம் கேட்கத் தவறும் கேள்வி விமர்சனக் கோட்பாட்டிடம் இருக்கிறது. விமர்சனக் கோட்பாடு பதில் சொல்லத் திணறும் கேள்வி நடைமுறைவாதத்திடம் இருக்கிறது. ஒன்றை மட்டும் படித்தவர் பாதிக் கேள்வியோடு வெளியே போகிறார்.

நடைமுறைவாதத்தை நான் எப்போதும் சார்லஸ் பியர்ஸிடமிருந்துதான் தொடங்குவேன். 1878இல் அவர் எழுதிய, நம் கருத்துகளைத் தெளிவாக்கிக்கொள்வது எப்படி என்னும் கட்டுரை வகுப்பறைக்கென்றே எழுதியதுபோல இருக்கும். வைரம் கடினமானது என்கிறோம். கடினம் என்றால் என்ன? மற்றப் பொருள்கள் அதைக் கீற முடியாது என்பதுதான். அந்தச் சோதனையின் விளைவுக்கு அப்பால் ‘கடினம்’ என்ற கருத்தில் வேறு எதுவும் ஒளிந்திருக்கவில்லை. ஒரு கருத்தின் பொருள் வேண்டுமா, அது நடைமுறையில் என்னென்ன விளைவைத் தரும் என்று பார் என்கிறார் பியர்ஸ். அத்வைதமும் சைவ சித்தாந்தமும் படித்துவிட்டு வரும் மாணவர்களுக்கு இந்த எளிமை முதலில் அதிர்ச்சியாகவும் பிறகு விடுதலையாகவும் இருக்கும். வில்லியம் ஜேம்ஸ் 1907இல் வெளியிட்ட நூலில் இதை உண்மைக்கும் நீட்டினார். ஒரு நம்பிக்கை நம் வாழ்வில் நல்ல விளைவு தந்து, மற்ற அனுபவங்களோடும் பொருந்தி வந்தால் அந்த அளவுக்கு அது உண்மை. டூயி இதைச் சமூகத்துக்கும் கல்விக்கும் ஜனநாயகத்துக்கும் கொண்டுபோனார். சிந்தனை என்பது சிக்கலான ஒரு சூழலை ஆராய்ந்து சீராக்கும் கருவி என்பது அவர் நிலைப்பாடு. 1896இல் சிகாகோவில் ஒரு பரிசோதனைப் பள்ளியையே தொடங்கி, தன் கொள்கையை அங்கே சோதித்தவர் அவர்.

மாணவர்கள் பிறகு இதைச் சுருக்கிக்கொள்வார்கள். “அதாவது மேடம், வேலை செஞ்சா அது சரி. அவ்வளவுதானே?” ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒருவர் இப்படிக் கேட்பார்.

ஓர் ஆண்டு அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதற்குள், பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். திருப்பூர்ப் பக்கத்துப் பெண். அவருடைய அம்மா ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் தைக்கிறவர். “எங்கம்மா கம்பெனியில புதுசா டைம் பார்க்கிற ஆளுங்களைக் கொண்டுவந்தாங்க மேடம். ஒரு டீ-ஷர்ட்டைத் துண்டு துண்டா பிரிச்சு, ஒருத்தருக்குக் கை மட்டும், ஒருத்தருக்குக் கழுத்து மட்டும்னு கொடுத்து, மணிக்கு இத்தனைன்னு டார்கெட் வெச்சாங்க. உற்பத்தி கூடிருச்சு. ரிஜெக்சன் குறைஞ்சிருச்சு. எல்லா கணக்குலயும் அது வேலை செஞ்சிருச்சுங்க. ஆனா எங்கம்மா தண்ணி குடிக்கிறதை நிறுத்திட்டாங்க. பாத்ரூம் போனா டார்கெட் போயிருமே. அது யாருக்கு வேலை செஞ்சுதுங்க மேடம்?”

வகுப்பு அமைதியாகிவிட்டது. அன்றைக்கு நான் கையில் வைத்திருந்தது டூயி. அந்தப் பெண் பேசியது மாக்ஸ் ஹோர்க்ஹைமரின் கேள்வியை. அன்று முதல் இரண்டாவது அலகும் ஐந்தாவது அலகும் என் வகுப்பில் பக்கத்துப் பக்கத்து வாரங்களுக்கு வந்தன.

ஹோர்க்ஹைமர் எங்கிருந்து பேசினார் என்பதைச் சொன்னால்தான் அவர் கோபம் புரியும். பிராங்பர்ட்டில் சமூக ஆய்வு நிறுவனம் 1923இல் உருவானது. தானிய வணிகர் ஹெர்மன் வைல் கொடுத்த பணத்தில், அவர் மகன் பெலிக்ஸ் வைலின் முயற்சியில் எழுந்த நிறுவனம் அது. 1930இல் ஹோர்க்ஹைமர் அதன் இயக்குநரானார். 1933இல் நாஜிகள் அதிகாரத்துக்கு வந்ததும் நிறுவனத்தை மூடினார்கள். ஜெனீவா வழியாக 1934இல் நியூயார்க் வந்து சேர்ந்த அந்த ஆய்வாளர்களுக்குக் கொலம்பியா பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. டூயி 1904 முதல் வேலை பார்த்த பல்கலைக்கழகமும் அதுதான். 1930இல் ஓய்வு பெற்ற பிறகும் அவர் நியூயார்க்கில்தான் வாழ்ந்தார். இரண்டு பெரிய சிந்தனை மரபுகள் ஒரே நகரத்தில், ஒரே பல்கலைக்கழகத்தின் நிழலில் இருந்தன. அப்படியிருந்தும் அவற்றுக்கிடையே நடந்த நேரடி உரையாடல் மிகக் குறைவு.

நியூயார்க் வந்த மறு ஆண்டே, 1935இல், உண்மை என்னும் சிக்கலைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஹோர்க்ஹைமர் நடைமுறைவாதத்தை எடுத்துக்கொண்டார். உண்மைக்கும் சரியான செயலுக்கும் தொடர்பு உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் உண்மையை நேராக வெற்றியோடு சமன்படுத்துகிறவர் வரலாற்றை மறந்துவிடுகிறார், இன்று ஆட்சியில் இருக்கும் நிலைக்கே வக்காலத்து வாங்குகிறார் என்றார். இந்த இடத்தில் நான் மாணவர்களிடம் தேதியைப் பார்க்கச் சொல்வேன். 1935. அந்த மனிதரின் நாட்டில் அப்போது வென்றுகொண்டிருந்தவர் ஹிட்லர். தோற்றவர்கள் சிறையிலும் நாடுகடத்தலிலும் இருந்தார்கள். வெற்றி பெற்றதே உண்மை என்றால், தோற்றவர்கள் சொன்னது பொய்யா?

1937இல் அவர் எழுதிய மரபுவழிக் கோட்பாடும் விமர்சனக் கோட்பாடும் என்னும் கட்டுரை இந்த மரபுக்குப் பெயரையே கொடுத்தது. மரபுவழிக் கோட்பாடு உலகத்தைக் கையில் கிடைத்தபடி எடுத்துக்கொண்டு விளக்குகிறது. விமர்சனக் கோட்பாடு, இந்த உலகம் மனிதர்கள் உண்டாக்கியது, அநீதியோடு உண்டாக்கியது, எனவே மாற்றக்கூடியது என்பதிலிருந்து தொடங்குகிறது. ஆராய்ச்சியாளரும் அந்தச் சமூகத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார், அவர் எந்தக் கேள்வியைக் கேட்கிறார் என்பதையும் அந்தச் சமூகம்தான் பாதி முடிவு செய்கிறது என்பதையும் அது மறப்பதில்லை.

நேரடித் தாக்குதல் 1944இல் வந்தது. கலிபோர்னியாவில் குடியேறிவிட்டிருந்த ஹோர்க்ஹைமர் கொலம்பியாவுக்கு வந்து ஆற்றிய உரைகள் 1947இல் பகுத்தறிவின் கிரகணம் என்ற பொருள்படும் தலைப்பில் நூலாயின. முன்பெல்லாம் பகுத்தறிவு என்றால் எந்த இலக்கு மனிதருக்குத் தகுந்தது என்று கேட்பதும் அதில் அடங்கியிருந்தது. இப்போது அது இலக்கைக் கேட்காமல், கொடுத்த இலக்கை அடையக் குறுக்கு வழி கணக்குப் போடும் கருவியாகச் சுருங்கிவிட்டது என்பது நூலின் மையம். இந்தச் சுருக்கத்துக்குத் தத்துவ அங்கீகாரம் வழங்கியது நடைமுறைவாதம் என்று பியர்ஸ், ஜேம்ஸ், டூயி மூவரையும் அவர் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார். ஆய்வகத்தில் நடப்பதையே எல்லாச் சிந்தனைக்கும் மாதிரியாக்கிவிட்டார்கள் என்பது அவர் வாதம். டூயிக்கு அப்போது 84 வயது.

இந்தப் பக்கங்களை வாசித்ததும் பெரும்பாலான மாணவர்கள் ஹோர்க்ஹைமர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். திருப்பூர் அம்மாவின் கதை கேட்டவர்கள் வேறென்ன செய்வார்கள்? அப்போதுதான் நான் டூயியின் இன்னொரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுப்பேன். 1939இல் வெளியான மதிப்பீட்டுக் கோட்பாடு என்னும் சிறு நூலிலிருந்து. ஹோர்க்ஹைமரின் உரைகளுக்கு ஐந்து ஆண்டு முந்தையது.

அதில் டூயி, ஆங்கிலக் கட்டுரையாளர் சார்ல்ஸ் லேம் சொன்ன ஒரு வேடிக்கைக் கதையை எடுத்துக்கொள்கிறார். ஒரு வீடு தற்செயலாகத் தீப்பிடித்து எரிகிறது. உள்ளே இருந்த பன்றிகள் வெந்துவிடுகின்றன. இடிபாட்டைக் கிளறியவர்கள் கையில் சூடு பட்டு, விரலை வாயில் வைக்கிறார்கள். ருசி பிடித்துவிடுகிறது. அன்று முதல் வறுத்த பன்றி சாப்பிட வேண்டுமென்றால் வீடு கட்டி, பன்றியை உள்ளே அடைத்து, வீட்டைக் கொளுத்துகிறார்கள். இலக்கு ஒன்றுதான் முக்கியம், வழி எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்றால் இதில் எந்தப் பிழையும் இல்லை என்கிறார் டூயி. பன்றி கிடைத்துவிட்டதே! இதைப் பைத்தியக்காரத்தனம் என்று நாம் சொல்வது, இலக்கையும் அதற்குக் கொடுத்த விலையையும் சேர்த்து எடை போடுவதால்தான். வீடுகளைக் கொளுத்திக் கிடைத்த பன்றி, வேறு வழியில் கிடைத்த பன்றியோடு மதிப்பில் ஒன்றாகாது. வழியும் விளைவும் இலக்குக்குள்ளேயே புகுந்து அதன் மதிப்பை மாற்றிவிடுகின்றன. எந்த இலக்கும் கேள்விக்கு அப்பாற்பட்டதில்லை. இன்று அடைந்த இலக்கு நாளைய விளைவுகளுக்கு வழியாகவும் இருக்கிறது.

இதை வாசித்து முடித்ததும் அந்தத் திருப்பூர் மாணவியிடமே கேட்டேன்: “உங்க அம்மா கம்பெனியில் அந்த டார்கெட் வேலை செய்ததா, டூயி கணக்குப்படி?” அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “இல்லைங்க மேடம். தண்ணி குடிக்காததையும் கணக்குல சேர்க்கணும்ல.” சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்காமல் போட்ட கணக்கு, டூயியின் அளவுகோலிலேயே அரைகுறையான ஆராய்ச்சி. கொடுத்த இலக்குக்கு வழி தேடித் தருவதோடு பகுத்தறிவின் வேலை முடிந்துவிட்டது என்ற குற்றச்சாட்டு டூயிக்குப் பொருந்தாது. அந்தச் சிந்தனையை அவரைப் போல ஊன்றி மறுத்தவர்கள் குறைவு.

அப்படியானால் ஹோர்க்ஹைமரின் கேள்வி வீணா? இல்லை. அதே கேள்வியை டூயியின் மாணவர் ஒருவரே அவரை நோக்கி எழுப்பியிருக்கிறார். அதை வகுப்பில் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. 1917இல் முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது டூயி அதை ஆதரித்தார். இந்தப் போரை ஜனநாயக நோக்கங்களுக்குத் திருப்ப முடியும் என்று நம்பினார். கொலம்பியாவில் அவரிடம் படித்து அவரை ஆசானாகப் போற்றிய ரண்டால்ப் போர்ன் என்னும் இளம் எழுத்தாளர் அந்த ஆண்டு அக்டோபரில் ஒரு கட்டுரை எழுதினார். எல்லோரும் மதிப்புகளில் ஏறக்குறைய ஒத்துப்போகும் அமைதிக் காலத்தில் இந்தத் தத்துவம் நன்றாக நடந்தது. போர் வந்ததும் இதில் பயின்ற இளைஞர்கள் நிர்வாகத் திறமையோடு போர் வேலைக்குத் தயாராக நின்றார்கள், எதற்காக இந்தப் போர் என்று கேட்க மட்டும் அவர்களுக்குப் பயிற்சியில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. மறு ஆண்டு டிசம்பரில், 32 வயதில், கொள்ளைநோயாகப் பரவிய இன்புளுயன்சாவில் போர்ன் இறந்துபோனார். போருக்குப் பின் டூயி போரையே சட்டவிரோதமாக்கும் இயக்கத்தில் சேர்ந்தார்.

போர்ன் எழுப்பிய கேள்வியை நான் இப்படி விளக்குவேன். இலக்கையும் விலையையும் சேர்த்து எடை போட வேண்டும் என்பது டூயியின் முறை. முறை சரி. ஆனால் தராசைப் பிடித்திருப்பவர் யார்? விலையைக் கொடுப்பவரின் குரல் அந்தத் தராசுவரை போய்ச் சேர வழி இருக்கிறதா? பிரச்சினை என்று எதைப் பட்டியலில் சேர்ப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானித்தவர் யார்? தைக்கும் பெண்ணின் தாகம் நிர்வாகத்தின் நோட்டில் ஒரு பிரச்சினையாகவே பதிவாகவில்லை என்றால், எவ்வளவு நேர்மையாக ஆராய்ந்தாலும் அது விடையில் வராது. அதிகாரம் கணக்குப் புத்தகத்தையே எப்படி எழுதிவைக்கிறது என்று பார்ப்பதுதான் விமர்சனக் கோட்பாட்டின் தொழில். அந்தத் தொழிலை நடைமுறைவாதம் தனியாகச் செய்ததில்லை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. ஹோர்க்ஹைமரும் அவருடைய நிறுவனத் தோழர் அடோர்னோவும் 1944இல் முதலில் உருட்டச்சுப் பிரதியாகவும் 1947இல் ஆம்ஸ்டர்டாமில் நூலாகவும் வெளியிட்ட அறிவொளியின் இயங்கியல் பகுத்தறிவையே ஆதிக்கத்தோடு பின்னிப்போன ஒன்றாகக் காட்டுகிறது. படிக்கும்போது மனம் கனத்துப்போகும் புத்தகம். கடைசிப் பக்கம் வந்ததும் மாணவர்கள் கேட்பார்கள்: “இப்போ என்ன செய்யறது மேடம்?” எல்லாச் சிந்தனையும் ஆதிக்கத்தில் நனைந்திருக்கிறது என்றால், அதைச் சொல்லும் சிந்தனை எங்கே நிற்கிறது? எந்த மாற்றத்தை முயன்றுபார்க்கலாம், அது பலித்ததா இல்லையா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? இவை நடைமுறைவாதியின் கேள்விகள். 1969 ஜனவரியில் மாணவர்கள் பிராங்பர்ட் நிறுவனத்துக்குள் புகுந்து அமர்ந்தபோது அடோர்னோ போலீஸைக் கூப்பிட நேர்ந்தது. கோட்பாட்டிலிருந்து செயலுக்குப் பாதை எங்கே என்று கேட்டு வந்த தலைமுறைக்கும் அந்த ஆசானுக்கும் இடையே விழுந்த பிளவு அதில் தெரிகிறது.

ஆனாலும் அந்த மரபினர் அமெரிக்காவில் அனுபவ ஆராய்ச்சியைத் தொடாமல் இருக்கவில்லை. 1950இல் அடோர்னோவும் பெர்க்லி உளவியலாளர்களும் சேர்ந்து வெளியிட்ட அதிகாரவாத ஆளுமை பற்றிய ஆய்வு, கேள்வித்தாளும் அளவுகோலும் நேர்காணலும் கொண்டு, சர்வாதிகாரத்துக்கு மனிதர்கள் மனத்தளவில் எப்படித் தயாராகிறார்கள் என்று தேடியது. டூயியைப் பற்றி எழுதும்போது அடோர்னோ பின்னாளில் மரியாதையோடுதான் எழுதினார். சண்டை கூர்மையாக இருந்த இடத்திலும் கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை.

அடுத்த தலைமுறை அந்தக் கதவைத் திறந்தது. கார்ல் ஓட்டோ ஆபெல் 1960களில் பியர்ஸை ஜெர்மன் மொழியில் பதிப்பித்தார். அவருடைய நண்பர் யூர்கன் ஹேபர்மாஸ் 1968இல் அறிவும் மனித நலன்களும் நூலில் பியர்ஸுக்குத் தனி இடம் கொடுத்தார். 1981இல் வந்த தொடர்புச் செயல் கோட்பாட்டில் டூயியின் தோழரான ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் ஒரு தூணாக நிற்கிறார். நிபுணருக்கும் அரசியலுக்கும் உள்ள உறவைப் பற்றி ஹேபர்மாஸ் 1960களில் எழுதிய கட்டுரையை நான் தவறாமல் பாடத்தில் சேர்ப்பேன். தலைவர் முடிவெடுப்பார், நிபுணர் வழி சொல்வார் என்பது ஒரு மாதிரி. நிபுணர் சொல்வதைத் தலைவர் நிறைவேற்றுவார் என்பது இன்னொன்று. இருவரும் ஒருவரையொருவர் கேள்வி கேட்டு, பொதுமக்களின் விவாதத்துக்குள்ளும் அதைக் கொண்டுவருவது மூன்றாவது. அந்த மூன்றாவதற்கு அவர் நடைமுறைவாத மாதிரி என்று பெயர் வைத்து, டூயியைச் சுட்டினார். தன் ஆசான்கள் சாடிய மரபிலிருந்தே, அவர்கள் சாடிய நோய்க்கு மருந்து எடுத்தார். பிற்காலத்தில் அதே பிராங்பர்ட் நிறுவனத்தின் இயக்குநரான ஆக்ஸல் ஹானெத், 1998இல் டூயியின் ஜனநாயகக் கருத்தை மையமாக வைத்தே கட்டுரை எழுதினார்.

இந்த இணைப்பைப் பாடப்புத்தகச் செய்தியாக விட்டுவிட்டால் மாணவர் மனத்தில் நிற்காது. அதனால் வகுப்பில் ஒரு பயிற்சி வைத்தேன். ஒரு பொதுப் பிரச்சினையை எடுத்து, இரண்டு மரபுகளின் கேள்விகளையும் அதன்மேல் போட வேண்டும். அந்தத் திருப்பூர் மாணவி எடுத்துவந்தது தன் ஊர்ப்பக்கத்து நொய்யல் ஆற்றை.

டூயி 1927இல் எழுதிய நூல் ஒன்றில், பொதுமக்கள் என்ற அமைப்பு எப்படி உருவாகிறது என்று விளக்குகிறார். இருவர் தமக்குள் செய்துகொள்ளும் ஒரு வியாபாரத்தின் விளைவு அந்த இருவரோடு நின்றால் அது தனிப்பட்ட விஷயம். அதில் பங்கில்லாத மற்றவர்களையும் அது தொடர்ந்து பாதித்தால், பாதிக்கப்பட்டவர்கள் ஒரு பொதுவாக ஆகிறார்கள். அந்த விளைவைக் கவனிக்க அமைப்புகள் தேவைப்படுகின்றன. சாயப்பட்டறைக்காரரும் ஏற்றுமதியாளரும் செய்துகொண்ட வியாபாரம் நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமானது. கீழ்ப்பகுதி ஆயக்கட்டு விவசாயிகளின் கிணறும் நிலமும் கெட்டன. அவர்கள் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. டூயி சொன்ன ‘பொது’ உருவாகும் நிகழ்வு, மாணவியின் ஊர்ப் பக்கத்திலேயே நடந்திருந்தது.

அதுவரை முதல் பாதி. பிறகு ஹோர்க்ஹைமரின் கேள்விகளைப் போட்டோம். அணை நீர் நிறம் மாறியதும் உடனே ஒரு பொது உருவாகிவிடாமல் இவ்வளவு காலம் ஏன் ஆனது? ஏற்றுமதி மதிப்பு மட்டும் ஊரின் வெற்றிக்கு அளவுகோலாக இருந்தபோது, கெட்டுப்போன கிணறு எந்தப் பத்தியில் எழுதப்பட்டது? பட்டறை மூடியதும் வேலையிழந்த தொழிலாளியை விவசாயிக்கு எதிராக நிறுத்தியது எந்த ஏற்பாடு? இந்தக் கேள்விகள் இல்லாமல் டூயியின் பொது, தானாகவே விழித்துக்கொள்ளும் ஒன்றாகத் தோன்றிவிடும். டூயியின் ஆய்வு இல்லாமல் இந்தக் கேள்விகளை மட்டும் வைத்திருந்தால், யார் சேர்ந்து எந்த வாசலில் போய் நின்றால் என்ன மாறும் என்று சொல்ல முடியாது. மாணவி எழுதிய பக்கங்கள் இரண்டையும் செய்தன. எந்தத் தேர்வுத்தாளிலும் நான் பார்க்காத தெளிவு அதில் இருந்தது.

இந்த அலகுகளைச் சேர்த்துப் படிக்க இந்திய மாணவருக்கு இன்னொரு வலுவான காரணம் உண்டு. ஹோர்க்ஹைமர் நியூயார்க் வருவதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1913 முதல் 1916 வரை, அதே கொலம்பியாவில் படித்தவர் அம்பேத்கர். டூயியின் வகுப்புகளில் உட்கார்ந்தவர். 1936இல் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் மாநாட்டுக்காக எழுதி, மாநாடு நடக்காததால் தாமே அச்சிட்ட சாதி ஒழிப்பு உரையில் டூயியைத் தம் ஆசிரியர் என்றும், அவருக்குத் தாம் பெரிதும் கடன்பட்டிருப்பதாகவும் எழுதினார். ஜனநாயகம் ஆட்சிமுறை மட்டுமன்று, மனிதர்கள் கூடி வாழும் முறை என்னும் டூயியின் கருத்து அந்த உரையின் உள்ளே ஓடுகிறது. பெரியாரின் குடி அரசு வழியாகத் தமிழ் வாசகர்களுக்கும் அந்த உரை வந்து சேர்ந்தது.

அம்பேத்கர் அதோடு நிற்கவில்லை. சாதி ஒரு வேலைப் பிரிவினை என்று சொல்லி அதை நியாயப்படுத்தியவர்களுக்கு, அது வேலை செய்பவர்களையே படிநிலையாகப் பிரித்துவைக்கும் ஏற்பாடு என்று பதில் சொன்னார். சாதி அமைப்பு ‘வேலை செய்கிறது’ என்று ஆயிரம் ஆண்டாகச் சொல்லிவந்தவர்களிடம் யாருக்கு என்று அவர் கேட்டார். ஒடுக்குபவரின் கண்ணுக்கு ஒடுக்குமுறை இயற்கையாகத் தெரிவது எப்படி, சாத்திரத்தின் மேலுள்ள பக்தி அதை எப்படிக் காக்கிறது என்று உடைத்துக் காட்டினார். இவை விமர்சனக் கோட்பாட்டின் கேள்விகள். பிராங்பர்ட் பள்ளியிடம் அவர் இவற்றைக் கற்கவில்லை. தீண்டாமையை அனுபவித்த வாழ்க்கையிலிருந்து எடுத்தார். அதே சமயம் அதை மாற்றச் சட்டம், கல்வி, அமைப்பு, அரசியல் சாசனம் என்று ஒவ்வொன்றாக முயன்று பார்த்தார். அது அவர் ஆசிரியரிடம் கற்ற முறை. நியூயார்க்கில் ஒரே பல்கலைக்கழகத்தில் இருந்தும் சேராத இரண்டு சிந்தனைகள் அம்பேத்கரின் எழுத்தில் சேர்ந்து வேலை செய்கின்றன. 1952 ஜூன் 1 அன்று டூயி இறந்தார். ஜூன் 5 அன்று கொலம்பியா அம்பேத்கருக்கு மதிப்புறு பட்டம் வழங்கியது. ஆசிரியரைச் சந்திக்க ஆவலோடு போன மாணவருக்குச் சந்திப்பு வாய்க்கவில்லை.

இத்தனை ஆண்டு வகுப்பறை அனுபவத்தில் நான் வந்து சேர்ந்த முடிவைச் சொல்கிறேன். ‘வேலை செய்கிறதா’ என்று மட்டும் கேட்கும் சிந்தனை, கேள்வி கேட்பவரின் முதலாளிக்குப் பணியாளாக மாறும் ஆபத்தில் எப்போதும் இருக்கிறது. ‘யாருக்கு’ என்று மட்டும் கேட்கும் சிந்தனை, எதையும் மாற்றாமலே தன் தூய்மையில் நிறைவடைந்துவிடும் ஆபத்தில் இருக்கிறது. இரண்டு கேள்வியும் ஒரே வாயில் வர வேண்டும். பள்ளிகளை இணைக்கும் திட்டமானாலும், மருத்துவமனையில் வரும் புதிய கணினி முறையானாலும், தொழிற்சாலை டார்கெட்டானாலும், அதன் வெற்றிக் கணக்கை யாராவது நீட்டும்போது அந்தக் கணக்கின் விலையைக் கொடுப்பவரைத் தேடிப் போய்க் கேளுங்கள்; கேட்டபின் அதை மாற்ற எதை முயன்று பார்க்கலாம் என்றும் அவரோடு சேர்ந்தே யோசியுங்கள்.

தத்துவம் கற்பிக்கும் என் இளைய சக ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பாடத்திட்டக் குழுவில் உட்காரும் வாய்ப்பு வந்தால் இந்த இரண்டையும் ஒரே அலகில் வையுங்கள். பகுத்தறிவின் கிரகணத்தையும் மதிப்பீட்டுக் கோட்பாட்டையும் ஒரே வாரத்தில் வாசிக்கக் கொடுங்கள். மூன்றாவதாக அம்பேத்கரின் சாதி ஒழிப்பு உரையைச் சேருங்கள். உங்கள் மாணவர்கள் தங்கள் ஊரிலிருந்து கொண்டுவரும் கேள்விக்கு நேரம் ஒதுக்குங்கள். அந்த அலகை முடிக்க இவை போதும்.